பழைய காரின் பிரேக்: பேட் மட்டும் போதுமா, டிஸ்க்கையும் மாற்றணுமா?

பத்து, பதினைந்து வருடம் ஓடிய கார்களின் டிஸ்க் பிரேக் பற்றித்தான் இந்த முறை கேள்விகள் அதிகம். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். டிரம் பிரேக்கை இன்னொரு நாள் பார்ப்போம். புதிதாகப் படிப்பவர்களுக்கு: சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். காலிப்பர் என்கிற கவ்வி, அதிலுள்ள பிஸ்டனால் தள்ளி, உராய்வுப் பொருள் ஒட்டிய தகடுகளான பேட்களை இரண்டு பக்கமும் டிஸ்க்கின் மேல் அழுத்தும்.

கேள்வி: பதினாறு வருடக் கார். பேட் தேய்ந்துபோச்சு. டிஸ்க்கையும் மாற்றணும் என்கிறார் மெக்கானிக். நிஜமாகவே தேவையா, பில்லை ஏற்றுகிறாரா?

அளந்து பார்த்தாரா என்று கேளுங்கள். அளக்காமல் சொன்னால் அது வெறும் ஊகம். டிஸ்க்கின் நடுக் கிண்ணத்திலோ வெளி விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமனைப் பொறித்திருப்பார்கள். துருவை வயர் பிரஷால் தேய்த்தால் எண் தெரியும். புதிதில் 22 மி.மீ. இருந்த டிஸ்க்கில் 20 என்பது போல இருக்கும்.

அளப்பதில் ஒரு சிக்கல். பேட் படாத வெளி ஓரம் தேயாமல் வரப்பு மாதிரி நிற்கும். தடிமன் அளக்கும் வெர்னியரின் தாடை அந்த வரப்பில் உட்கார்ந்து, தேய்ந்த டிஸ்க்கையும் நல்ல டிஸ்க் என்று காட்டிவிடும். சிறு முனையால் அளக்கும் மைக்ரோமீட்டர் இல்லையென்றால் பேட் படும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாணயத்தை வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுங்கள்.

20-தான் எல்லை, உங்களுடையது 20.3 என்றால் மாற்றுவதே சரி. புதுப் பேட் தேய்ந்து முடிவதற்குள் டிஸ்க் எல்லையைத் தாண்டிவிடும். 21 இருந்து, விரிசலும் ஆழமான பள்ளமும் இல்லையென்றால் பேட் மட்டும் போதும். மாற்றும்போது இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: செராமிக், செமி மெட்டாலிக், ஆர்கானிக் என்று கடைக்காரர் குழப்புகிறார். பழைய காருக்கு எது சார்?

கார் புதிதாக வந்தபோது எந்த வகை இருந்ததோ அதே வகை. சலிப்பான பதில்தான், ஆனால் மிதியின் அழுத்தம், முன்பின் பிரேக் விகிதம் எல்லாம் அந்தப் பேட்டை வைத்துத்தான் அமைத்திருப்பார்கள்.

ஆர்கானிக் மென்மையானது, சத்தம் குறைவு, சீக்கிரம் தேயும். செமி மெட்டாலிக் சூட்டைத் தாங்கும். மலைப்பாதை, முழுச்சுமை என்று ஓட்டுபவருக்கு ஏற்றது. ஆனால் கொஞ்சம் இரையும், வீலில் கருந்தூள் படியும், டிஸ்க்கையும் கூடுதலாகத் தேய்க்கும். செராமிக் அமைதியானது, தூள் வெளிறி இருப்பதால் வீலில் அவ்வளவாகத் தெரியாது, விலை அதிகம்.

பந்தயப் பேட் பக்கமே போகாதீர்கள். அது சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் வண்டியை எடுத்ததும் முதல் திருப்பத்தில் பிடிக்காது.

கேள்வி: துளை போட்ட டிஸ்க் மாட்டினால் சூடு குறையுமாமே?

தெரு ஓட்டத்தில் உங்களுக்குத் தெரிகிற வித்தியாசம் வராது. துளையைச் சுற்றி விரிசல் விடுவது மட்டும் தெரியும். வேண்டாம்.

கேள்வி: புது டிஸ்க் மாட்டி மூன்று மாதம்கூட ஆகலை. பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதாம். மட்டமான டிஸ்க்கா அண்ணே?

டிஸ்க் மேல் பழி போடுவதற்கு முன் அது உட்காரும் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுத் தாங்கியைப் பாருங்கள். இதில் நானே சூடுபட்டவன். என் பழைய காரில் அடுத்தடுத்து இரண்டு ஜோடி டிஸ்க் மாற்றியும் உதறல் போகவில்லை. மூன்றாம் முறை கழற்றியபோதுதான் ஹப்பின் முகத்தில், ஒரு வீல் போல்ட்டுக்குப் பக்கத்தில், நகத்தால் சுரண்டினால் உதிர்கிற ஒரு துருப் பொருக்கைப் பார்த்தேன். அவ்வளவுதான் விஷயம்.

அங்கே கொஞ்சம் மேடு இருந்தாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும். விளிம்புப் பக்கம் 0.05 மி.மீ. ஆட்டம் இருந்தாலே பல கார்களில் எல்லையைத் தொட்டுவிடும். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் அதே இடம் பேட்டை உரசும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். உங்கள் கைக்கு உதறலாக வருவது அந்தத் தடிமன் வித்தியாசம். முதல் நாள் உதறாமல், மாதம் கழித்து உதறுவதற்கு இதுதான் காரணம். ஹப்பை உலோகம் பளபளக்கும்வரை தேயுங்கள். வீல் நட்டையும் குறுக்கும் நெடுக்குமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து முறுக்குங்கள்.

கேள்வி: ஒரே சக்கரத்தில் உள்பக்கப் பேட் தகடு வரை தேய்ந்திருக்கிறது, வெளிப்பக்கம் பாதி மிச்சம். பேட் மோசமா?

பேட் பாவம். காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் இறுகியிருக்கும், இல்லையென்றால் பிஸ்டன் திரும்பி உள்ளே போகாமல் இருக்கும். பின்னை உருவிப் பாருங்கள்: விரலால் தள்ளினால் வழுக்கிப் போகணும். துடைத்து, சிலிக்கோன் பிரேக் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்து மறுபடி இறுக்கிவிடும். பழைய காரில் பேட்டுக்குக் கொடுக்கிற காசைவிட இந்தச் சின்ன வேலைக்குத்தான் பலன் அதிகம் என்பேன்.

கேள்வி: என் மாடலுக்குப் பேட் வருவதே இல்லை. ஒரு கடையில் பல வருடமாகக் கிடந்த ஒரிஜினல் செட் இருக்கிறது. வாங்கலாமா?

பெட்டியைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். பின்தகட்டில் துரு பொங்கி, உராய்வுப் பொருளின் ஓரம் மயிரிழை தூக்கியிருந்தாலும் விட்டுவிடுங்கள். ஓடும்போது கழன்று வந்துவிடும். ரொம்பப் பழைய சரக்கென்றால் அஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். அதனால் பழைய பிரேக்கின் தூளை ஏர் வைத்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

கேள்வி: புதுப் பேட், புது டிஸ்க். முன்பு இருந்த பிடி இல்லையே?

டிஸ்க்கில் வரும் துருத்தடுப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால் கழுவினீர்களா? கழுவியிருந்தால், பேட்டும் டிஸ்க்கும் இன்னும் ஒன்றுக்கொன்று பழகவில்லை. ஆளில்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை மிதமாகப் பிடியுங்கள். இடையில் கொஞ்சம் ஓடவிட்டு ஆறவிடுங்கள். அப்புறம் பத்து நிமிடம் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டுங்கள்.

கேள்வி: நானே வீட்டில் மாற்றப்போகிறேன். எதை மறந்துவிடுவேன்?

பிஸ்டனைத் தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பா வழியும். பெயிண்டில் பட்டால் உரித்துவிடும். பின்சக்கரக் காலிப்பரிலேயே ஹேண்ட்பிரேக்கும் இருந்தால் பிஸ்டனைப் பெரும்பாலும் திருகித்தான் உள்ளே அனுப்பணும். கடைசியாக, வண்டியை நகர்த்துவதற்கு முன் மிதி இறுகும்வரை மிதியுங்கள். முதல் இரண்டு மூன்று மிதிக்குக் கால் தரைவரை போகும்; அது வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போதே தெரியட்டும்.