இரண்டே பேர் நடித்த இசை நாடகம்: ஹிபியாவில் பார்த்த 'டாடி லாங் லெக்ஸ்'

கேள்வி: சிறிய அளவில் மேடையேறும் ஜப்பானிய இசை நாடகம் எதையாவது பார்த்து ரசித்ததுண்டா?

உண்டு. டோக்கியோவின் ஹிபியாவில், தரைக்குக் கீழே அமைந்த தியேட்டர் கிரியே அரங்கில் 'டாடி லாங் லெக்ஸ்' பார்த்தேன். ஏறத்தாழ 600 இருக்கைகள்தான். பக்கத்திலேயே இருக்கும் தகராசுகா அரங்கில் இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம்.

நடிகர்கள் இரண்டே பேர். கோரஸ் இல்லை, நடனக் குழு இல்லை. இயக்குநர் ஜான் கெயர்ட், 1985-இல் லண்டனில் 'லே மிசராப்ள' இசை நாடகத்தை இணைந்து இயக்கியவர். மேடை நிறைய ஆட்களை நிறுத்திப் பழகியவர் இங்கே ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் மட்டும் நம்பியிருக்கிறார். இசை பால் கார்டன். அமெரிக்காவில் உருவானது, ஜப்பானிய மொழியில் 2012-இல் முதன்முதலாக மேடையேறி, பிறகு பலமுறை திரும்ப வந்திருக்கிறது.

ஜீன் வெப்ஸ்டர் 1912-இல் எழுதிய நாவல்தான் கதை. அநாதை இல்லத்தில் வளர்ந்த ஜெருஷாவை, பெயரை வெளியிடாத ஒருவர் கல்லூரியில் படிக்கவைக்கிறார். மாதம் ஒரு கடிதம் அவள் எழுத வேண்டும், பதில் வராது. நீண்ட கால்களோடு விழுந்த அவருடைய நிழலை மட்டுமே பார்த்த அவள், அவருக்கு வைக்கும் பெயர்தான் 'டாடி லாங் லெக்ஸ்'. ஜப்பானில் பலரும் சிறு வயதிலேயே படித்துவிடும் கதை இது. 1990-இல் அனிமே தொடராகவும் வந்தது. அங்கே பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் 'அஷினாகா' (நீண்ட கால்) அமைப்பின் பெயரே இந்த நாவலிலிருந்து வந்ததுதான். ஆகவே புரவலர் யார் என்பது அரங்கில் பெரும்பாலானோருக்கு முன்பே தெரியும். நாடகமும் அதை மறைப்பதில்லை. அந்தப் புரவலரை, இளைஞரான ஜெர்விஸை, ஆரம்பத்திலேயே நம் கண்முன் உட்காரவைத்துவிடுகிறது.

என்னை ஆட்கொண்டது இந்த ஏற்பாடுதான். நாவலில் அவள் எழுதுவது மட்டுமே நமக்குக் கிடைக்கும். மேடையிலோ, அவர் அதைப் படிக்கும்போது என்ன ஆகிறார் என்பதையும் பார்க்கிறோம். பின்புறம் உயரமான புத்தக அலமாரிகளோடு அவருடைய படிப்பறை. முன்புறம் அவளுக்குச் சில பழைய பெட்டிகள். அவற்றை அவளே இழுத்து, அடுக்கி, மேசையாக்கிக்கொள்கிறாள், மலையாக்கி மேலே ஏறி நிற்கிறாள். ஒரு வரியை அவள் பாடத் தொடங்க, கையிலிருக்கும் தாளைப் பார்த்து அவர் முடிக்கிறார். ஒரே கடிதம், இரண்டு குரல்கள். ஆனால் இருவருக்கும் நடுவே பல மைல் தூரம்.

தன் புரவலர் நரைத்த கிழவர் என்று அவள் முடிவுகட்டி, வழுக்கை விழுந்துவிட்டதா என்று கேட்டு எழுதுவாள். அப்போது ஜெர்விஸாக நடித்த இனோவே யோஷியோவின் முகத்தைப் பார்க்க வேண்டும். 2000-இல் 'எலிசபெத்' நாடகத்தில் பட்டத்து இளவரசர் ருடால்ஃபாக அறிமுகமாகி, இசை நாடக உலகின் இளவரசர் என்றே பெயரெடுத்தவர். அப்படிப்பட்டவர் இங்கே பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து கடிதம் படிக்கிறார். முதலில் ஒரு நமுட்டுச் சிரிப்பு, பிறகு லேசான கோபம், அடுத்த வரிக்குள் அவளை இன்னும் தெரிந்துகொள்ளும் ஆசை. பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கு இது போய்ச் சேராது. இங்கே எல்லா வரிசைக்கும் போய்ச் சேர்ந்தது.

முதலில் ஜெருஷாவாக நடித்தவர் குரல் கலைஞரும் பாடகியுமான சகமோட்டோ மாயா. அதற்காகக் கிகுடா கசுவோ நாடக விருதும் பெற்றார். நான் பார்த்தது காமிஷிராயிஷி மோனே நடித்ததை. 'யுவர் நேம்' அனிமே படத்தின் நாயகி மிட்சுஹாவுக்குக் குரல் கொடுத்தவர். அந்தக் குரலுக்காகத்தான் டிக்கெட் எடுத்தேன். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டதை எழுதும் இடங்களில் அவருடைய குரலில் ஓர் அவசரம் வரும். மூச்சு வாங்கக்கூட நேரமில்லை என்பதுபோல. பசித்தவள் படிப்பைச் சாப்பிடுகிறாள் என்று தோன்றியது.

ஜெர்விஸ் தனியாகப் பாடும் ஒரு பாட்டு இருக்கிறது. தர்மம் செய்பவருக்கும் பெறுபவருக்கும் இடையில் எழும் சுவரைப் பற்றியது. கொடுத்தவர் உயரத்தில் நிற்கிறார், வாங்கியவள் நன்றி சொல்லியே தீர வேண்டும். அதற்குப் பிறகு இருவரும் எப்படிச் சமமாகப் பேசிக்கொள்வது? உதவித்தொகையில் படித்த எவருக்கும் இந்தப் பாட்டு சுருக்கென்று தைக்கும், எனக்கும் தைத்தது.

ஒரு குறையும் உண்டு. விடுமுறைக்குத் தோழியின் குடும்பத்தோடு போகவிருந்தவளை, செயலாளர் எழுதுவதுபோல் கடிதம் அனுப்பித் தடுக்கிறார் ஜெர்விஸ். அங்கே தோழியின் அண்ணனும் இருப்பான் என்ற வெறும் பொறாமை. அவளோடு நேரில் பழகும்போதும், அந்தப் புரவலர் தான்தான் என்பதைக் கடைசிவரை சொல்லாமல் இழுத்தடிக்கிறார். உண்மை வெளிவந்ததும் ஜெருஷாவின் கோபத்துக்கு நாடகம் ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு. அவள் இன்னும் நன்றாகச் சண்டை போட்டிருக்க வேண்டும் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஜப்பானிய மொழி அவ்வளவாகத் தெரியாதவர்கள் நாவலைப் படித்துவிட்டுப் போங்கள். சிறிய புத்தகம்தான், காப்புரிமையும் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். டிக்கெட் எடுக்கும்போது முன்வரிசைதான் வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். அலமாரியும் பெட்டிகளும் சேர்ந்து ஒரே பார்வையில் தெரிய, நடுவில் உட்காருவதே நல்லது.