தலைக்குள் யார் பார்ப்பது?

கேள்வி: மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் தெற்கு ஆடிவீதியில் நின்று கோபுரத்தைப் பார்த்தால், அதன் படம் கண்ணில் தலைகீழாக விழுகிறது, மூளை அதை நிமிர்த்திக்கொள்கிறது என்கிறார்கள். நிமிர்ந்த படத்தை உள்ளே பார்ப்பது யார்? (திருமங்கலம் வாசகர்)

பதில்: யாருமில்லை. பார்ப்பதற்கு அங்கே படமும் இல்லை. உள்ளே ஒருவர் பார்க்கிறார் என்று வைத்தால், அவர் தலைக்குள் பார்க்க இன்னொருவர் வேண்டும். அதற்கு முடிவேது? கண்ணைக் கேமராவாக்கிய பள்ளிப் பாடம் செய்த வேலை இது!

தலைகீழ்ப் படத்தின் கதை விழித்திரையோடு சரி. அங்கே 12 கோடிக்கு மேல் ஒளியுணர் செல்கள். பார்வை நரம்பிலோ ஏறத்தாழ 10 லட்சம் இழைகள்தான். எல்லாவற்றையும் அப்படியே அனுப்ப வழியில்லை. ஆகவே வெளிச்சமும் நிறமும் எங்கே மாறுகின்றன என்பதையே விழித்திரை முக்கியமாகச் சொல்லி அனுப்புகிறது. பின்மண்டையிலுள்ள பார்வைப் புறணியில் (கண் அனுப்புவதைக் கையாளும் மூளைப் பகுதி) ஒரு செல் செங்குத்துக் கோட்டுக்கு மின்துடிப்பு விடும், பக்கத்துச் செல் சாய்ந்த கோட்டுக்கு. பூனைகளிடம் இதைக் கண்டறிந்த விஞ்ஞானிகள் ஹ்யூபல், வீசல் இருவரும் 1981 நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். இந்தத் துடிப்புகளில் நிமிர்த்துவதற்கு எதுவும் கிடையாது.

கோபுரம் முழுக்கத் தெளிவாகத் தெரிகிறதே என்பீர்கள். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள்: ஒரு நேரத்தில் கூர்மையாகத் தெரிவது அந்த நகத்தைவிடச் சற்றே பெரிய வட்டம்தான். கண் நொடிக்கு மூன்று தடவை போலத் தாவித் தாவிப் பொறுக்குகிறது. மிச்சம் மூளையின் அனுமானம். தொட்டறிந்ததைக் கண்ணால் அடையாளம் காண்பதும் பழகி வருவதே. பிறவியிலேயே பார்வையிழந்து, சிகிச்சையால் பார்வை பெற்ற இந்தியச் சிறுவர்களிடம் சோதித்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. கையால் தடவியறிந்த கட்டை எதுவென்று முதலில் அவர்களால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சில நாள் போனபின் முடிந்தது.

சந்தேகம் தீராவிட்டால் கோடு போட்ட நோட்டை எடுங்கள். ஒரே கோட்டின் மேல் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறி, அதிலிருந்து 8 செ.மீ. தள்ளி வலப்பக்கம் அரை செ.மீ. அகலத்தில் கறுப்புப் புள்ளி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் குறியையே பார்த்தபடி நோட்டை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். சுமார் 30 செ.மீ. தூரத்தில் புள்ளி மறையும். மறையாவிட்டால் பார்வை புள்ளிப் பக்கம் நழுவியிருக்கும், அல்லது நோட்டு சரிந்திருக்கும். அப்போது புள்ளியின் ஒளி விழுவது பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில். அங்கே ஒளியுணர் செல்லே இல்லை. ஆனாலும் அங்கே ஓட்டை தெரியாது. நோட்டுக் கோடு அறுபடாமல் ஓடுவதாகத்தான் தெரியும். உள்ளே போவது படமென்றால், அந்தக் கோட்டை வரைந்தது யார்?