பொம்மையின் இடை சுருங்காது

கேள்வி: நான் கையால் தைக்கும் கார்செட்டுகளை (முதுகில் நாடாவால் இழுத்துக் கட்டி இடையை ஒடுக்கும் உடுப்புகளை) காட்சிக்கு வைப்பதற்காக, மேலே மரக்குமிழும் கீழே கம்பிக்கூண்டுப் பாவாடையும் கொண்ட, பழங்காலத் தோற்றமுடைய, ஆடை மாட்டும் அலங்கார பொம்மைகள் இரண்டை வாங்கினேன். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் முதுகுப்புறம் நான்கு அங்குலம் திறந்தே நிற்கிறது. மார்புப் பகுதியோ தொளதொளவென்று தொங்குகிறது. பிழை தையலிலா, பொம்மையிலா?

பதில்: பெரும்பாலும் பொம்மையில்தான். மனித உடல் கார்செட்டுக்குள் இளகிக் கொடுக்கும். இடையில் அழுத்தப்படும் சதை மேலும் கீழும் விலகி, நீங்கள் மார்புக்கும் இடுப்புக்கும் விட்டிருக்கும் இடத்தை நிரப்பிவிடும். ஃபைபர் கிளாஸ் பொம்மைக்கு அந்த இளக்கம் இல்லை; அதன் இடை ஒரு நூல்கூடக் குறையாது. ஆகவே கார்செட்டைவிடச் சிறிய பொம்மையைத் தேர்ந்து, குறைகிற இடங்களைப் பஞ்சால் நிரப்புவதே சரியான வழி. மூடிய நிலையில் 24 அங்குல இடை கொண்ட கார்செட், பின்னால் வழக்கமான 2 அங்குல இடைவெளி விட்டுக் கட்டும்போது 26 அங்குலமாகும். அதற்கு 22 அங்குலமோ அதற்கும் குறைவாகவோ இடை கொண்ட பொம்மை வேண்டும். அலங்காரத்துக்காகவே செய்யப்படும் பொம்மைகளில் எழுதியிருக்கும் அளவை நம்பாமல், அளவு நாடாவால் நீங்களே அளந்து பாருங்கள்.

பஞ்சு வைக்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். இறுக்கிக் கட்டிய மனித இடை வட்டத்தை நெருங்கும். முன்னிருந்து பார்க்கும்போது அது அவ்வளவு ஒடுங்கித் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். பல பொம்மைகளின் இடையோ தட்டையான நீள்வட்டம். எனவே இடையின் பக்கவாட்டில் பஞ்சு சேர்க்காமல் முன்னும் பின்னும் சேர்த்து, மார்பையும் இடுப்பையும் மெல்லிய அடுக்குகளாகப் படிப்படியாக உயர்த்தி, எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பனியன் துணியை இழுத்துத் தையுங்கள். பொறுமை கேட்கும் வேலைதான். ஆனால் நீங்கள் வெட்டிய வளைவுகள் அப்போதுதான் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பொம்மைகளைத் தூக்கி எறிய வேண்டாம். அவற்றின் இடையைவிடப் பெரிய அளவில் தைத்த கார்செட்டுகளை அவற்றில் காட்டலாம்.

காலப் பொருத்தத்தையும் கவனியுங்கள். கம்பிக்கூண்டு 1850-களில் பரவிய கிரினோலின் பாவாடையை நினைவூட்டுவது. மணற்கடிகார வடிவ கார்செட் அதன் மேல் அழகாகப் பொருந்தும். கூம்பு வடிவான 18-ஆம் நூற்றாண்டுக் கச்சையை அதே பொம்மையில் மாட்டினால் இரண்டும் ஒட்டாது. மார்பை முன்னும் இடுப்பைப் பின்னும் தள்ளிய 1900-ஆம் ஆண்டையொட்டிய நேர்முன் கார்செட்டோ, நிமிர்ந்து நிற்கும் எந்தப் பொம்மையிலும் தைக்கத் தெரியாதவர் தைத்ததுபோலத் தோன்றும். பழைய ஆடைகளைச் சேகரித்து ஆராயும் ஜப்பானிய நிறுவனமான கியோட்டோ காஸ்ட்யூம் இன்ஸ்டிட்யூட் தன் சேகரிப்புக்காக வெவ்வேறு காலத்து உடலமைப்புகளுக்குத் தனித்தனியே பொம்மைகள் உருவாக்கியதன் காரணம் இதுவே.

கேள்வி: கட்டிய கார்செட்டை மாதக்கணக்கில் பொம்மையிலேயே விட்டுவைக்கலாமா?

பதில்: விடலாம், ஆனால் இறுக்கமாக அல்ல. உடுத்துபவர் மாலையில் கழற்றிவிடுவார், பொம்மை கழற்றாது. ஓயாத இழுவிசையில் நாடா கோக்கும் ஐலெட் துளைகளைச் சுற்றியுள்ள துணி நெகிழும், கார்செட்டுக்குள் வைத்துத் தைத்த எஃகுப் பட்டைகள் ஒரே பக்கமாக வளைந்து நிலைத்துவிடும். பஞ்சே வடிவத்தைத் தாங்கும்படி வைத்து, நாடாவைத் தொய்வில்லாத அளவுக்கு மட்டும் கட்டுங்கள். துணியில் குண்டூசி குத்தாதீர்கள்; ‘கூட்டில்’ (coutil) எனப்படும், நெருக்கமாக நெய்த கார்செட் துணியிலும் பட்டிலும் அந்தத் துளை மறையாது, ஊசி துருப்பிடித்தால் கறையும் சேரும். கூண்டுக் கம்பியின் துருவும் கார்செட்டின் கீழ்விளிம்பில் ஏறக்கூடியது. கம்பி தொடும் இடத்தில் பருத்திப் பட்டையைச் சுற்றிவிடுங்கள். இந்த அலங்காரத் தாங்கிகள் பல எடை குறைந்தவை. எஃகு வைத்துத் தைத்த கார்செட்டை மாட்டியதும் மேற்பாரம் கூடிச் சாயக்கூடும். அடிக்கட்டையின் மேல் ஒரு மணல் பையை வைத்து, கூண்டுக்குள் தெரியாதபடி துணியால் மறைத்துவிடுங்கள்.