எட்டாயிரத்தைக் கட்டுவதற்கு முன் அரையாண்டு விடைத்தாளை எடுங்கள்

கேள்வி: என் மகன் பத்தாவது படிக்கிறான். அரையாண்டில் கணக்கில் 22, அறிவியலில் 31. வாயால் கேட்டால் பதில் சொல்கிறான், தாளில் எழுத வரவில்லை. நான் மீன் விற்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்துக்குப் போனால் வீடு திரும்ப ஒன்பதாகிவிடும். ஒற்றை அறை வீடு, சுற்றிலும் சத்தம். பப்ளிக் வரைக்கும் க்ராஷ் கோர்ஸ் என்று ஒரு டியூஷன் சென்டரில் எட்டாயிரம் கேட்கிறார்கள். வரப்போகிற முக்கியமான கேள்விகள் அவர்களிடம் இருக்கிறதாம். கட்டலாமா? பையன் தேறுவானா?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில் (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வடசென்னை):

அம்மா, கட்டாதீர்கள். பையன் தேறுவான். அதற்குச் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது, காசு வேண்டியதில்லை.

முதலில் பாதி பயத்தைக் கழித்துவிடுகிறேன். அறிவியலில் 31 என்றதும், 35-க்குக் குறைவு, ஃபெயில் என்று நினைத்துவிட்டீர்கள். அறிவியல் எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கு, செய்முறை 25-க்கு. எழுத்தில் 20, செய்முறையில் 15 எடுத்தால் தேர்ச்சி. அரையாண்டுத் தாளும் 75-க்குத்தான் இருந்திருக்கும், முதல் பக்கத்தைப் பாருங்கள். அப்படியானால் எழுத்தில் அவன் ஏற்கெனவே கரையேறிவிட்டான். இதை உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்கு அரைநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வருகிறீர்கள். மார்க்கைப் படிக்கிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள், அனுப்பிவிடுகிறார்கள். எத்தனைக்கு எத்தனை என்று சொல்ல ஒரு நிமிடம் போதுமே. டியூஷன் சென்டர்காரருக்கு இந்தக் கணக்கு தெரியும். தெரிந்தும் சொல்லமாட்டார். உங்கள் பயம்தான் அவர் தொழிலுக்கு முதல்.

ஆனால் செய்முறைத் தேர்வை விட்டுவிடாதீர்கள். அது பொதுத்தேர்வுக்கு முன்பே பள்ளியில் நடந்து முடிந்துவிடும். ரெக்கார்டு நோட்டை இந்த வாரமே முடித்துக் கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லுங்கள். தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அன்றைக்கு வீட்டில் நின்றுவிட்டு, அறிவியலையே இழந்த பிள்ளைகள் உண்டு.

இனி கணக்கு. 22 என்பது உண்மையிலேயே குறைவுதான். அரையாண்டு விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவனை உட்கார வையுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டாம். எந்தப் பக்கம் வெற்றாக இருக்கிறது, எங்கே ஆரம்பித்துப் பாதியில் நின்றிருக்கிறான் என்று மட்டும் பாருங்கள். என் அனுபவத்தில் இருபதுகளில் நிற்கும் பிள்ளைகளின் தாளில் கடைசி இரண்டு கேள்விகள் வெற்றாக இருக்கும். ஒன்று வடிவியல் வரைதல், இன்னொன்று வரைபடம். ஒவ்வொன்றும் 8 மதிப்பெண், சேர்ந்து 16. இரண்டிலும் 'அல்லது' போட்டு வேறொரு கேள்வியும் கொடுத்திருப்பார்கள், பிடித்ததை எழுதலாம். வரைதலுக்கு வடிவொத்த முக்கோணம், உச்சிக்கோணம் கொடுத்து முக்கோணம் வரைவது, வட்டத்துக்குத் தொடுகோடு. வரைபடத்துக்கு இருபடிச் சமன்பாடு, நேர்மாறல், எதிர்மாறல். சுற்றிச் சுற்றி இவ்வளவுதான். வாரத்தில் மூன்று நாள், ஒரு நாளைக்கு ஒரு படம், ஒரு கிராஃப் என்று போட்டால் பத்து வாரத்தில் கை பழகிவிடும். அந்தத் திறமை மூளையில் இருப்பதைவிட விரல்களில் இருக்கிறது. வலை பின்னுகிறவர் யோசித்துக்கொண்டா முடிச்சுப் போடுகிறார்?

அடுத்தது ஒரு மதிப்பெண் வினாக்கள், 14. பாடப் புத்தகத்தில் எட்டு இயல்களின் கடைசியிலும் பலவுள் தெரிவு வினாக்கள் இருக்கின்றன, மொத்தம் நூற்றுச் சொச்சம். பெரும்பாலும் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். 14-ம் 16-ம் சேர்ந்தால் 30. இரண்டு மதிப்பெண் வினா மூன்று எழுதினால் 36, தேர்ச்சி. இது வெறும் தரை. முதல் இயலில் கார்ட்டீசியன் பெருக்கல், கடைசி இயலில் நிகழ்தகவு, நடுவில் அளவியலின் சூத்திரங்கள் என்று அவன் கைக்கு எட்டும் பகுதிகளைச் சேர்த்தால் ஐம்பதைத் தாண்டுவான்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடக்கூடாது. இரண்டு மதிப்பெண் பகுதியில் 28-வது வினாவும் ஐந்து மதிப்பெண் பகுதியில் 42-வது வினாவும் கட்டாய வினாக்கள். அவை வராவிட்டால் போகட்டும், போவது 7 மதிப்பெண்தான். ஆனால் அதற்குப் பதிலாக மற்ற வினாக்களிலிருந்து ஒன்று கூடுதலாக எழுதி நேரத்தைக் கொல்கிறார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. அந்த இடத்தில் சூத்திரத்தையாவது எழுதிவைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

வாயால் சொல்கிறான், எழுத வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது பழக்கக் குறைவு. ஸ்பெஷல் கிளாஸ் என்று ராத்திரி எட்டு மணி வரை உட்கார வைத்து, கைடைப் பார்த்து இருபது தடவை எழுத வைக்கிறார்கள். பார்த்து எழுதுவது வேறு, எழுதிப் பார்ப்பது வேறு. ஒரு விடையை ஒருமுறை படிக்க வேண்டும், புத்தகத்தை மூட வேண்டும், வெற்றுத் தாளில் எழுத வேண்டும், பிறகு திறந்து விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவில் சேர்க்க வேண்டும். மறுநாள் அதே விடையை மறுபடி. சிவப்பு குறைந்துகொண்டே வரும். அறிவியலில் நியூரான் படமும் இதயத்தின் படமும் இப்படித்தான் பாகம் குறித்துப் போட்டுப் பழக வேண்டும். தமிழுக்கும் சமூக அறிவியலுக்கும் நீங்கள் கவலைப்படவில்லை, அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கலாம், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சின்ன வயதிலிருந்தே எழுத்துகளை மாற்றி எழுதுகிறானா? கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதினாலும் எழுத்து விட்டுப்போகிறதா? வாய்க்கணக்கு சரியாகச் சொல்லிவிட்டு, எழுதும்போது இலக்கத்தை இடம் மாற்றிவிடுகிறானா? முதலில் கண்ணைச் சோதியுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது, எழும்பூரில் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. கடைசி பெஞ்சில் உட்காரும் பையனுக்குப் பலகையே தெரியாமல் இருந்து, மூன்று வருடம் மக்கு என்று பெயர் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். கண் சரியாக இருந்தும் இந்தக் குழப்பம் தொடர்ந்தால் அது டிஸ்லெக்ஸியா எனும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அது அறிவுக் குறைவு இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் சலுகை தருகிறது. கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு, பிள்ளை சொல்லச் சொல்ல எழுதுகிற ஆள் உண்டு, தேவைப்பட்டால் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் உண்டு. ஆனால் தேர்வன்று போய்க் கேட்டால் கிடைக்காது. மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்து, ஆணை கைக்கு வந்திருக்க வேண்டும். நாளைக்கே தலைமையாசிரியரிடம் போய், என்ன படிவம், எந்த மருத்துவமனைச் சான்று, கடைசித் தேதி எது என்று கேளுங்கள். எதற்கம்மா இந்த வம்பு என்பார்கள். விடாதீர்கள், இது அவனுடைய உரிமை. ஐந்தாம் வகுப்பிலேயே ஒருவர் கவனித்திருக்க வேண்டியதைப் பத்தாவது ஜனவரியில் மீன் விற்கும் தாய் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. எட்டாவது வரை யாரையும் நிறுத்துவதில்லை, அது நல்ல ஏற்பாடு. ஆனால் நிறுத்தாவிட்டால், யாருக்கு வகுத்தல் தெரியவில்லை என்று வருடா வருடம் பார்த்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாமா? மேலே மேலே தள்ளிவிட்டுப் பத்தாவதில் வந்து 'மெல்லக் கற்போர்' என்று பட்டியல் போடுகிறார்கள்.

அந்த 'முக்கியமான கேள்விகள்' விஷயத்துக்கு வருகிறேன். கேள்வித்தாள் முத்திரையிட்ட கட்டுகளில், போலீஸ் காவலில் இருக்கிறது. டியூஷன் நடத்துகிறவர் கையில் இருக்காது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் என்று சொல்லும் ப்ளூபிரிண்ட் முறையும் இப்போது இல்லை. அவர்கள் கொடுப்பது பழைய வினாத்தாள்களிலிருந்து பொறுக்கிய கேள்விகள். அந்த வினாத்தாள்கள் உங்கள் பள்ளியிலேயே கிடைக்கும், ஜெராக்ஸ் எடுக்க நூறு ரூபாய் ஆகாது.

கொருக்குப்பேட்டையில் என்னிடம் படித்த ஒரு பெண், கணக்கில் நாற்பது ஐம்பது வாங்கிக்கொண்டிருந்தவள். தேர்வுக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்கு, நாளைய கேள்வி வந்துவிட்டது என்று போனில் ஒருவன் பணம் கேட்டான். அவள் அம்மா கம்மலை அடகு வைத்து ஏற்கெனவே ஒரு சென்டரில் கட்டியிருந்தார். இதற்கும் பக்கத்து வீட்டில் கடன் வாங்கி அனுப்பினார். பிள்ளை விடிய விடிய அந்தப் பத்துக் கேள்விகளை உருப்போட்டாள். ஒன்றுகூட வரவில்லை. அதைவிடக் கொடுமை, தூக்கமில்லாமல் போய், தனக்கு நன்றாகத் தெரிந்த தொடுகோட்டையே தப்பாக வரைந்தாள். 31 வாங்கினாள். கம்மல் மூழ்கிப்போனது. பணம் வாங்கியவன் அடுத்த வருடமும் வாங்கியிருப்பான். யார் கேட்டார்கள் அவனை?

இன்னொரு ரகம் இருக்கிறது. இவன் தேறமாட்டான், டிசி வாங்கிட்டு வாங்க, நாங்க தனியா எழுத வைக்கிறோம் என்பார்கள். சில பள்ளிகளே இதைச் சொல்கின்றன. வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்ட வேண்டும், அதற்கு உங்கள் பையன் இடைஞ்சல். எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பத்தாவது முடிகிற வரை டிசி கேட்கவே கேட்காதீர்கள். ஒரு பாடம் போனாலும் அதே வருடம் துணைத்தேர்வு இருக்கிறது. போன பாடத்தை மட்டும் எழுதினால் போதும், தேறினால் அந்த வருடமே பதினொன்றாவதில் சேரலாம். அதற்கு வழிகாட்ட வேண்டியது பள்ளி, ஏஜென்ட் இல்லை. நேரடியாக சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் வாசல்படி ஏற விடாதீர்கள். பத்தாவது சான்றிதழ் போலி என்று பின்னால் தெரிந்தால் வேலை போகும், வழக்கும் வரும்.

வீட்டுச் சத்தத்துக்கு என்னிடம் மந்திரம் இல்லை. நீங்கள் எழும்போது அவனையும் எழுப்பாதீர்கள், மூன்று மணிக்கு எழுந்த பிள்ளை பத்து மணி வகுப்பில் தூங்கும். ராத்திரி பத்துக்குப் படுத்து ஐந்துக்கு எழட்டும். ஐந்திலிருந்து ஏழு வரை உங்கள் தெருவில் இருக்கும் அமைதி சாயங்காலம் கிடைக்காது. அந்த இரண்டு மணி நேரமும் கணக்குக்கும் எழுதிப் பார்ப்பதற்கும்தான், போன் அப்போது உங்களோடு ஏலத்துக்கு வந்துவிட வேண்டும். சாயங்காலம் கிளை நூலகத்தில் உட்காரலாம். படித்து முடித்த பிள்ளைகள் காசு வாங்காமல் மாலை வகுப்பு எடுக்கிற இடங்கள் நம் பக்கத்தில் இருக்கின்றன, வியாசர்பாடியில் நானே போய்ப் பார்த்திருக்கிறேன். உங்கள் பகுதியில் விசாரியுங்கள். வீட்டுக்கு வந்ததும் தினமும் ஒன்று செய்யுங்கள்: காலையில் எழுதிய தாளைக் கேட்டு வாங்கி, மேலே தேதி போட்டு, ஆணியில் மாட்டுங்கள். புரிய வேண்டியதில்லை. அம்மா கேட்பாள் என்று தெரிந்தால் அவன் எழுதுவான்.

தேர்வு 10 மணிக்குத் தொடங்கும். முதல் பத்து நிமிடம் வினாத்தாளைப் படிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க. 10.15 முதல் 1.15 வரை எழுதலாம். கணக்கில் ஒரு மதிப்பெண்ணை முடித்த கையோடு வரைதலையும் கிராஃபையும் போட்டுவிடட்டும், கடைசிக்கு வைத்தால்தான் பக்கம் வெற்றாக நிற்கிறது. மையம் வேறு பள்ளியில் விழுந்தால் முந்தின நாளே ஒருமுறை போய் வரட்டும். வழியில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் இருந்தால் அது மூடிக்கிடக்கும் நேரத்தையும், எண்ணூர் நெடுஞ்சாலை என்றால் கன்டெய்னர் லாரி வரிசையையும் கணக்கில் சேர்த்து, ஒன்பது மணிக்கே வாசலில் நிற்க வேண்டும். ஐந்து பாடம், ஐந்து காலை. அன்றைக்கு மட்டும் உங்கள் கூடையை வேறு யாராவது ஏலம் எடுத்துத் தர முடியுமா என்று இப்போதே பேசிவையுங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை. ஹால் டிக்கெட்டையும் ஜியாமெட்ரி பாக்ஸையும் முந்தின ராத்திரியே பையில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஒருவரை ஏழு மணிக்கு அவனுக்கு இட்லி கொடுக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.