சிந்தாதிரிப்பேட்டையில் பழைய வீடு வாங்கலாமா?

கேள்வி: எனக்கு அண்ணா சாலையில் வேலை. சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, தொண்ணூறு ஆண்டுப் பழைய திண்ணை வீடு ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கிக் குடியிருக்கலாமா? இடித்துவிட்டுக் கட்டுவதுதான் நல்லது என்கிறார்கள் நண்பர்கள்.

பதில்: குடியிருக்கலாம். இடிக்க அவசரப்படாதீர்கள். 1734-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை அது. ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதே இப்படி மருவியது என்பார்கள். கோயில், மீன் சந்தை, பறக்கும் ரயில் நிலையம் எல்லாம் நடை தூரத்தில். நகரத்தின் நடுவில் இப்படி ஓர் இடம் இன்று எளிதில் அமையாது.

வாங்க வருகிறவர்கள் முதலில் கூவத்தின் நாற்றத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நாற்றம் உண்டு; கோடையில் நீரோட்டம் நின்றால் இன்னும் மிகும். ஆனால் வீட்டைக் கெடுப்பது தண்ணீர். வாசலில் நின்று தெருவைப் பாருங்கள். சாலைமேல் சாலையாகப் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீடுகள் பல இன்று தெருமட்டத்துக்கு வந்துவிட்டன. 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று விற்பவரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். சுவரில் கைவைத்தே காட்டிவிடுவார். ஆற்றில் நீர் ஏறினால் கழிவுநீர்க் குழாய் வழியாகவும் எதிர்த்து வரக்கூடும். திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது கூரை. அந்தக் காலத்து வீடென்றால் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்தான்: தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் குறுக்காக நிறுத்திவைத்து அடுக்கிய சிறு செங்கல், அதன்மேல் சுண்ணாம்புச் சல்லி, எல்லாவற்றுக்கும் மேலே ‘தட்டோடு’ எனும் தட்டையான ஓடு. நன்றாகக் கட்டிய கூரை நூறாண்டு தாங்கும். பழுது தொடங்குவது சுவருக்குள் செருகியிருக்கும் கட்டை முனையில். கட்டையின் நடுப்பகுதி பளபளப்பாக இருப்பதை நம்பாதீர்கள். ஏணி வைத்து ஏறி, சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். நல்ல தேக்கு எதிர்த்து நிற்கும். உளுத்த கட்டையில், ஊறிய அவலில் விரல் இறங்குவதுபோல் இறங்கும்.

ஒரு வீட்டில், ஒழுகுகிறது என்று தட்டோட்டின்மேல் கனமாக சிமென்ட் பூசிவிட்டார்கள். சுண்ணாம்புத் தளம் தன் ஈரத்தைக் காற்றில் விட்டு ஆறிக்கொள்ளும். அந்த வழி அடைபட்டதும் ஈரமெல்லாம் கட்டைக்குள் இறங்கியது. ஏழு கட்டைகளை மாற்ற வேண்டியதாயிற்று. அதைப் பார்த்ததிலிருந்து மொட்டைமாடியில் சிமென்ட் பூச்சு தென்பட்டாலே முதலில் அங்கேதான் நிற்கிறேன். ஒழுகினால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள்; சென்னையில் இன்னும் இருக்கிறார்கள்.

பத்திர விஷயத்தை வழக்கறிஞரிடம் விடுங்கள். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, வாரிசுகள் அனைவரின் கையெழுத்து, மனை கோயிலுக்குச் சொந்தமா என்பது, இவற்றைத் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் அதையும் பத்திரத்தில் எழுத வேண்டும். நீங்கள் இடிக்க நினைத்தாலும் அந்தச் சுவரைப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காமல் தொட முடியாது.

முன்பணம் கொடுப்பதற்கு முன், நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் போய் அரைமணி நேரம் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். மாற்ற வேண்டிய கட்டைகளை எண்ணி, அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.