ஊட்டிக் குளிரில் முளைக்காத மிளகாய் விதை

மிளகாய் முளைக்கவில்லையே என்று விதைகளைக் கொட்டிவிடாதீர்கள், விதைத்த தட்டை ஃபிரிட்ஜின் மேல், அதன் சூட்டில் வையுங்கள். ஊட்டியில், ஜனவரியில் விதைத்து 16 நாளாகியும் முளை வரவில்லை என்றால், பெரும்பாலும் மண்ணின் குளிர்ச்சிதான் காரணம். மிளகாய்க்கு மண் 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் நல்லது. 15-க்குக் கீழே போனால் அசையாது.

ஒரு விதையைத் தோண்டி எடுத்து நகத்தால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் காத்திருக்கலாம். கூழாக நசுங்கினால் அழுகிவிட்டது, மறுபடி விதைக்க வேண்டியதுதான்.

குடைமிளகாயையும் காந்தாரி என்ற குட்டிக் கார மிளகாயையும் ஒரே தட்டில் போட வேண்டாம். சூடு கிடைத்தால் குடைமிளகாய் பத்துப் பன்னிரண்டு நாளில் தலைகாட்டும். காந்தாரி பிடிவாதக்காரி, ஒரு மாதம்கூட இழுத்தடிப்பாள். மலைக்குளிருக்குக் குடைமிளகாயே தோது.

ஒன்று: சில புதிய ஃபிரிட்ஜ்களின் மேற்பகுதி சூடாவதே இல்லை, கை வைத்துப் பாருங்கள். முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றிவிடுங்கள். தாமதித்தால் தண்டு நூலாக நீண்டு சாய்ந்துவிடும்.