இருமவில்லையே என்று நிம்மதி அடையாதீர்கள்

பக்கவாதம் வந்த அப்பாவைப் பற்றி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள், அம்மா. நாக்கில் வெள்ளை, இரவில் தூக்கமின்மை, இணையத்தில் பார்த்து வாங்கிய ‘மூளை மாத்திரை’ என்று மூன்றரைப் பக்கம் போய்விட்டது. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: “தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்ததும் அப்பாவின் குரல் கொழகொழவென்று ஆகிவிடுகிறது, நல்லவேளை, இருமலோ புரையேறலோ இல்லை.” இந்த மாதம் இரண்டு முறை காய்ச்சல் வந்ததை வேறோர் இடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்ததும் எனக்குத் திக்கென்றது.

முதலில், நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்டதற்குப் பதில். அப்பாவுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. வலது கையும் காலும் விழுந்திருப்பதால் பக்கவாதம் தாக்கியது மூளையின் இடப்பக்கத்தை. பெரும்பாலோருக்குப் பேச்சு அங்கேதான் குடியிருக்கிறது. 1861-இல் பாரிஸில் போல் புரோக்கா என்ற மருத்துவரிடம் வந்த நோயாளி, எதைக் கேட்டாலும் ‘டான்’ என்றே சொன்னார். பிறர் பேசுவது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது. இறந்தபின் பார்த்தால், மூளையின் இடது முன்பகுதி சிதைந்திருந்தது. உங்கள் அப்பாவுக்கு அந்த ‘டான்’, ‘சரி சரி’யாக வருகிறது. தண்ணீர் கேட்க வாய் வராதவர் தண்ணீர்மலை முருகன் கோயில் படத்தைக் கண்டதும் ‘அரோகரா’ என்றாரே, அதில் மர்மம் ஏதுமில்லை. காலமெல்லாம் சொல்லிப் பழகியவை, எண்கள், பாட்டு, ஏன், வசவுகூடத் தப்பிப் பிழைக்கும். புதிதாக ஒரு வாக்கியம் கட்டத்தான் முடியாது. அவர் எதிரிலேயே ‘அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று பேசாதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நாக்கைத் தினமும் துலக்கிவிடுங்கள். தூக்கத்தைப் பிறகு பார்க்கலாம். ஜிங்கோ என்ற மூலிகை கலந்த அந்த ‘மூளை மாத்திரை’ குப்பைக்கு. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்கு அது இரத்தக்கசிவை வரவழைக்கலாம்.

இனி அந்தக் கொழகொழப்பு. விழுங்கும் ஒரு நொடியில் குரல்வளை மேலெழுந்து மூச்சுக்குழாயை மூடிக்கொள்ள வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு அது தாமதமாகலாம். தேநீர் போன்ற நீர்மம் அதற்குள் ஓடி இறங்கிவிடும். குரல் நாண்களின்மேல் தேநீர் தேங்கினால் குரல் அப்படித்தான் ஒலிக்கும். நமக்கென்றால் உடனே இருமல் வந்து தள்ளிவிடும். அவருக்குத் தொண்டையின் உணர்ச்சி மழுங்கியிருக்கலாம். இருமலே வராது, சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் போகும். அந்தக் காய்ச்சல்கள் நிமோனியாவின் தொடக்கமாக இருக்கலாம். பனடோல் கொடுத்து இரண்டு முறையும் சமாளித்துவிட்டீர்கள்!

அடுத்த மாத அப்பாயிண்ட்மெண்ட் வரை பொறுக்காதீர்கள். இன்றே பொது மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போய், ‘குடித்ததும் குரல் மாறுகிறது, இரண்டு முறை காய்ச்சல்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். விழுங்குவதைச் சோதிப்பவர் பேச்சுச் சிகிச்சையாளர். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே வீடியோவில் பார்ப்பதும் உண்டு. நீர்மத்தைக் கெட்டியாக்கும் பொடி வேண்டுமா, எந்த அளவு என்பதை அவர் சொல்லட்டும். பார்மசியில் நீங்களாக வாங்கிவிடாதீர்கள். மருத்துவர் பார்க்கும்வரை வாய்வழியாக எதுவும் வேண்டாம். குரல் மாறுகிறதா என்று பார்க்க இன்னொரு குவளை கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம்.

மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பூத்தாலோ காரைத் தேடிக்கொண்டிருக்காமல் அவசர எண் 999-ஐ அழையுங்கள்.